த்ராட்டில் பாடியைக் கழற்றி மாட்டிய பிறகு ரேஸ் இறங்கவில்லை என்றால்

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றி, கரி நீக்கி, திரும்ப மாட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடிக்கிறது. மிஸ்ஸிங் இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. ஆனால் ரேஸ், அதாவது இன்ஜின் சுற்றும் வேகம், இறங்க மறுக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நின்ற பிறகும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) 1,700-லேயே நிற்கிறது. வேலைக்கு முன் இதே கார் 800-ல் நின்றது.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்ட கார் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்டது. ஆக்ஸிலரேட்டர் கேபிளில் இயங்கும் த்ராட்டில், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாத நிலையில்) காற்றைக் கூட்டிக் குறைக்கும், ஸ்டெப்பர் மோட்டார் வைத்த ஐஏசி வால்வு, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். உள்ளே போகும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கிடையாது. நம் ஊரில் 2000-களில் ஓடத் தொடங்கிய சிறிய கார்கள் பலவற்றில் இந்த அமைப்புதான். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களுக்கு வழி கொஞ்சம் மாறும், அது பின்னால் வருகிறது.

பெட்ரோல் இன்ஜினில் ரேஸ் ஏற வேண்டுமானால் காற்று கூடுதலாக உள்ளே போக வேண்டும். பெட்ரோலை மட்டும் கூட்டினால் புகை வரும், பிளக் கறுக்கும், ஆர்பிஎம் இந்த அளவுக்கு ஏறாது. ஆகவே தேட வேண்டியது ஒன்றுதான்: கூடுதல் காற்று எந்த வழியாகப் போகிறது? த்ராட்டில் பாடிக்குள் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடான பட்டர்ஃபிளை முழுதாக மூடாமல் இருக்கலாம். ஐஏசி வால்வு திறந்தே நிற்கலாம். இல்லையென்றால் பட்டர்ஃபிளைக்குப் பின்னால் எங்கோ ஏர் இழுக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய இன்ஜினில் அதைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங் முன்னால் போயும் ரேஸ் ஏறும். அந்த வேலையைத் தொடவில்லை என்றால் அதை நினைக்கவே வேண்டாம்.

தேடத் தொடங்கும் முன் ஒரு விஷயம். த்ராட்டில் லீவர் வந்து முட்டும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் தலையில் பெயின்ட் வைத்தோ மூடி போட்டோ இருக்கும். அதை ஐடில் ஸ்க்ரூ என்று நினைத்துத் திருப்பக் கூடாது. பட்டர்ஃபிளை போரில் (அது உட்காரும் உருளைத் துளையில்) உராய்ந்து சிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த நிறுத்தம் அது. ரேஸைக் குறைக்க அதைப் பின்வாங்கினால், ஏர் லீக் அப்படியே இருக்க, பட்டர்ஃபிளை போரைக் கவ்வத் தொடங்கும். பிறகு ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தால் முதல் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு திடீரென்று துள்ளும். பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரான டிபிஎஸின் வோல்டேஜும் நகர்ந்துவிடும். ஒரு கோளாறு இருந்த இடத்தில் மூன்று ஆகிவிடும்.

கண்ணாலும் கையாலும்

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு, கழற்றிய பாதையிலேயே திரும்பிப் போய்ப் பார்ப்பது நல்லது. வேலைக்கு முன் இல்லாத கோளாறு வேலைக்குப் பின் வந்திருந்தால், கை பட்ட இடத்திலிருந்து ஒரு முழத்துக்குள்தான் காரணம் இருக்கும். இன்ஜின் அடிப்பெட்டியின் புகையை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், டேங்கின் பெட்ரோல் ஆவியை உள்ளே விடும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வின் மெல்லிய ஹோஸ், மேப் சென்சாருக்கு ஹோஸ் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும். பத்து வருடம் சூட்டில் கிடந்த ரப்பர், மேலே பார்க்க நன்றாக இருக்கும். நிப்பிளின் அடிப்பக்கம், வளைவின் உள்பக்கம், கிளிப் கடித்த இடம், இங்கேதான் வெடிக்கும். கழற்றும்போது இழுத்த இழுப்பில் அந்த வெடிப்பு முழுதாகக் கிழிந்திருக்கும்.

பர்ஜ் ஹோஸும் பிசிவி ஹோஸும் ஒரே கனத்தில் இருக்கும் கார்களில் இடம் மாற்றி மாட்டிவிட வாய்ப்புண்டு. கழற்றும் முன் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும்.

இந்தக் காரில் ஹோஸ்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அடுத்தது ஸ்கேனர்.

ஸ்கேனர் சொன்னது

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்க்கும் ஓபிடி-2 அமைப்பு உண்டு, அதற்கு முந்தைய பல கார்களிலும் அதே சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் லைவ் டேட்டா பார்க்கப் போதும். ஐஏசி ஸ்டெப் மட்டும் சில ஆப்களில் வராது, அதற்குப் பட்டறை ஸ்கேனர் தேவைப்படலாம்.

சூடான இன்ஜினில், ஏசி, ஹெட்லைட் எல்லாம் அணைத்து வைத்து எடுத்த ரீடிங் இது. ஆர்பிஎம் 1,700. கூலன்ட் 89 டிகிரி. த்ராட்டில் 0 சதவீதம். ஐஏசி 0 ஸ்டெப். மேப் 36 கிலோபாஸ்கல். ஷார்ட் டேர்ம் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் செய்யப்படும் உடனடித் திருத்தம், பிளஸ் மைனஸ் 2 சதவீதத்துக்குள். இக்னிஷன் அட்வான்ஸ் (பிளக் எவ்வளவு முன்னதாகப் பொறி விடுகிறது என்பது) 1 டிகிரிக்கும் 3 டிகிரிக்கும் இடையில் ஆடுகிறது.

இதில் பொருள் உள்ளது இரண்டு வரிகளில். ஐஏசி 0 என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ தன் கையில் உள்ள கதவை முழுதாக அடைத்துவிட்டது. இந்த இன்ஜின் நல்ல நிலையில் 800-ல் நிற்கும்போது ஐஏசி 20 முதல் 30 ஸ்டெப் வரை திறந்திருக்கும். அட்வான்ஸும் அப்போது 8, 10 டிகிரி காட்டும். ஈசியூ அதையும் கீழே இழுத்து ரேஸை அமுக்கப் பார்க்கிறது. ஆக ரேஸை ஏற்றியது ஈசியூ இல்லை, அது இறக்கத்தான் போராடுகிறது. காற்று அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே எங்கிருந்தோ வருகிறது. இதே நிலை நீடித்தால் பி0507 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகும், ஐடில் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பது அதன் பொருள். ஆனால் அது உடனே வராது, விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது.

ஐஏசி ஸ்டெப் 50, 60 என்று காட்டியிருந்தால் கதையே வேறு. ரேஸை ஈசியூவே கேட்டு வாங்குகிறது என்று அர்த்தம். அப்போது கூலன்ட் சென்சார், ஏசி சிக்னல், பவர் ஸ்டியரிங் பிரஷர் ஸ்விட்ச் என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

ட்ரிம் விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஏர் லீக் என்றால் ட்ரிம் பிளஸ் 15, 20 என்று ஏறும், கலவை மெலிந்துவிட்டது என்ற பி0171 குறியீடு வரும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்குப் பொருந்தும். அங்கே சென்சாரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது, கலவை மெலியும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டித் திருத்தும். மேப் சென்சார் கார் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை அளந்து பெட்ரோல் கொடுக்கிறது. காற்று எந்த ஓட்டை வழியாக வந்தாலும் அழுத்தத்தில் அது தெரிந்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். ட்ரிம் சாதாரணமாகவே இருக்கும், ரேஸ் மட்டும் ஏறும். ஆகவே இந்த வகைக் காரில் ட்ரிம் நன்றாக இருக்கிறது, லீக் இல்லை என்று சொல்வது தவறு. மேப் ரீடிங்கும் இங்கே தனியாக உதவாது. ரேஸ் ஏறியதும் இன்ஜின் அதிகமாக உறிஞ்சுவதால் எண் திரும்பவும் இயல்புக்கு அருகில் வந்து நின்றுகொள்ளும்.

வாயை அடைத்துப் பார்த்தல்

பாதையை இரண்டாகப் பிரிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் டக்டைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது த்ராட்டில் பாடியின் வாயை முழுதாக மூட வேண்டும். வெறும் உள்ளங்கை வேண்டாம், உறிஞ்சும் விசை பலமாக இருக்கும். ஒரு தட்டையான பலகைத் துண்டில் பழைய ட்யூப் ரப்பரை ஒட்டினால் போதும். துணியை வைத்து மூடக் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். கார் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் இருக்க வேண்டும், ஃபேன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது.

வால்வ் கவரிலிருந்து டக்டுக்கு வரும் மூச்சு ஹோஸ் இப்போது திறந்து கிடக்கும். அதன் வாயையும் ஒரு போல்ட்டால் அடைத்துவிட வேண்டும். ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராங்க்கேஸ் வழியாகப் பிசிவி காற்றை இழுத்து, இல்லாத லீக்கைக் காட்டும்.

ஐஏசிக்குப் போகும் காற்றும் இந்த வாய் வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே நல்ல இன்ஜின் மூடிய ஓரிரு நொடியில் நின்றுவிடும். நின்றால் கூடுதல் காற்று பட்டர்ஃபிளை வழியாகவோ ஐஏசி வழியாகவோ வருகிறது. நிற்காமல் ஓடினால் பட்டர்ஃபிளைக்குப் பின்னால் ஓட்டை இருக்கிறது.

இங்கே ரேஸ் 1,700-லிருந்து 1,100-க்கு இறங்கியது, ஆனால் இன்ஜின் நிற்கவில்லை. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நிற்கவில்லை என்பதால் பின்னால் லீக் உறுதி. ஐஏசி ஏற்கெனவே 0-வில் இருக்கும்போது வாயை மூடியதும் இவ்வளவு இறங்கியது என்றால், பட்டர்ஃபிளை வழியாகவும் தேவைக்கு மேல் காற்று போய்க்கொண்டிருந்தது என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது.

ஓட்டையைத் தேடுதல்

ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நோஸ் பிளையரால் நசுக்கிப் பார்ப்பது அடுத்தது. பிளையர் வாயில் பனியன் வேஸ்ட் சுற்றிக்கொண்டால் ரப்பர் கிழியாது. மேனிஃபோல்டுக்கு மிக அருகில் நசுக்க வேண்டும். பர்ஜ் ஹோஸை நசுக்கி ரேஸ் இறங்கினால் பர்ஜ் வால்வு திறந்து சிக்கியிருக்கிறது. கரன்ட் கொடுக்காத நிலையில் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும், வாயால் ஊதினால் காற்று போகக் கூடாது. பூஸ்டர் ஹோஸை நசுக்கி ரேஸ் இறங்கினால் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அது ரேஸ் பிரச்சினை இல்லை, பிரேக் பிரச்சினை, அதைச் சரிசெய்யாமல் காரை எடுக்கக் கூடாது. பிசிவியில் கொஞ்சம் இறங்குவது இயல்பு, பெரிதாக இறங்கினால் வால்வைப் பார்க்க வேண்டும்.

மூன்றையும் நசுக்கியதில் இங்கே பெரிய மாற்றம் எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது பேக்கிங் (இரு பாகங்களுக்கு நடுவே காற்று கசியாமல் அடைக்கும் தாள் அல்லது வளையம்) உட்காரும் இணைப்புகள்: த்ராட்டில் பாடி, இன்லெட் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் ஓ-ரிங், மேப் சென்சார் ஓ-ரிங்.

கார்ப் கிளீனரை ஸ்பிரே செய்து ரேஸ் மாறுகிறதா என்று பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அரையடி தூரத்தில் இருக்கும்போது அதைச் செய்யச் சொல்ல மனம் வரவில்லை. தலைக்குத் தண்ணீர் அடிக்கும் சலூன் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். நூல் போல மெல்லிய பீச்சலாக வைத்து இணைப்பின் ஓரத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். ஓட்டையில் தண்ணீர் பட்டதும் நொடி நேரம் அது அடைபடும், ரேஸ் இறங்கும், சீறல் ஒலி மாறும். இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், கனெக்டர்கள் மேல் தண்ணீர் படக் கூடாது.

த்ராட்டில் பாடியின் மேல் விளிம்பில் மாற்றம் இல்லை. இரண்டு பக்கங்களிலும் இல்லை. கீழ் மூலையில், ஃபயர்வால் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்ணீர் பட்டதும் 1,700-லிருந்து 1,200-க்கு விழுந்து திரும்ப ஏறியது. அதே இடத்தில் ஒரு ஹோஸ் துண்டின் முனையை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது.

பேக்கிங்

திரும்பக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பழைய காகிதப் பேக்கிங்கின் ஒரு துண்டு, விரல் நக அளவு, மேனிஃபோல்டு முகத்தில் ஒட்டியே இருந்திருக்கிறது. அதன் மேல் பேக்கிங் உட்கார்ந்ததால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எதிர் மூலையில் இடைவெளி விழுந்திருக்கிறது. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் இது அடைபடாது. எம்6 போல்ட், அலுமினியத் திரெட். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் அதன் அளவு, அதற்கு மேல் போனால் திரெட் கையோடு வரும்.

சுரண்டும் முன் மேனிஃபோல்டு வாயில் ஒரு துணியைத் திணித்துவிட வேண்டும், பேக்கிங் தூள் உள்ளே விழுந்தால் வால்வில் போய் உட்காரும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், பிடிவாதமான இடத்தில் கிளீனர் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து ஊறவிட்டால் வரும். ஹாக்ஸா பிளேடால் அலுமினியத்தில் கோடு போட்டால் அந்தக் கோடே அடுத்த லீக். முகம் சுத்தமானதும் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கிங் புதிதாகவே இருக்கட்டும். ஒருமுறை நசுங்கிய காகிதப் பேக்கிங் இரண்டாவது தடவை அதே மாதிரி உட்காராது. சிலிகான் பேஸ்ட் தடவுவது இங்கே வேண்டாம். பிதுங்கும் பிசிறு ஐஏசி துவாரத்தை அடைக்கும், பெட்ரோல் ஆவியில் ஊறி உரியும். பேக்கிங்கில் ஐஏசி பாதைக்கென்று தனித் துளை இருந்தால் தலைகீழாக வைக்காமல் பார்க்க வேண்டும். நாலு போல்ட்டையும் முதலில் விரலால் பிடித்து, பிறகு எதிரெதிராக இரண்டு சுற்றில் இறுக்கினால் சமமாக உட்காரும்.

ஐஏசி வால்வையும் கழற்றியிருந்தால் அதன் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும். அந்த மோட்டாரைக் கிளீனரில் ஊறப்போடக் கூடாது, ஊசியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முனைக் கரியைத் துணியால் துடைத்தால் போதும். கனெக்டரைக் கழற்றியிருந்தால் ஈசியூ அதன் நிலையைத் தொலைத்திருக்கும். பல கார்களில் சாவியை ஆன் செய்து பத்து நொடி விட்டு அணைத்தால் திரும்பக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

மிச்சம் இருந்த 350 ஆர்பிஎம்

புதுப் பேக்கிங் போட்டதும் 1,150. ஐஏசி இன்னும் 0 காட்டுகிறது. வாயை மூடினால் இப்போது இன்ஜின் உடனே நிற்கிறது. பின்னால் இருந்த லீக் தீர்ந்தது, மிச்சம் பட்டர்ஃபிளை.

ஸ்கேனர் த்ராட்டில் 0 சதவீதம் என்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சதவீதத்தை அப்படியே நம்பக் கூடாது. வேலைக்காக பேட்டரி கழற்றியிருந்தது. பேட்டரி திரும்ப வந்ததும் இந்த ஈசியூ தான் பார்த்த மிகக் குறைந்த வோல்டேஜையே மூடிய நிலை என்று எடுத்துக்கொள்கிறது. பட்டர்ஃபிளை லேசாகத் திறந்தே இருந்தாலும் அதற்கு அது பூஜ்யம். பார்க்க வேண்டியது வோல்டேஜை. டிபிஎஸ் சிக்னல் ஒயரில் மல்டிமீட்டர் 0.62 வோல்ட் காட்டியது. இந்த வகை சென்சாரில் மூடிய நிலை 0.5 வோல்ட் சுற்றி இருக்கும். லீவரைக் கையால் நிறுத்தத்தை நோக்கித் தள்ளினால் 0.50-க்கு இறங்கியது, ரேஸும் கூடவே இறங்கியது.

காரணம் ஆக்ஸிலரேட்டர் கேபிள். பிராக்கெட்டில் திரும்ப மாட்டும்போது வெளியுறையின் முனை அதன் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றது. அந்த ஒரு மில்லிமீட்டர் இழுப்பு லீவரை நிறுத்தத்தில் முட்டவிடவில்லை. முனையைச் சரியாக உட்காரவைத்து, இரண்டு லாக் நட்டையும் தளர்த்தி, கேபிளை விரலால் அழுத்தினால் 2 முதல் 3 மிமீ தொங்கும்படி வைத்து இறுக்கியாகிவிட்டது. பிறகு ஒருவர் உள்ளே பெடலை முழுதாக அழுத்த, பட்டர்ஃபிளை முழுதாகத் திறக்கிறதா, விட்டதும் 'டக்'கென்று நிறுத்தத்தில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கும் த்ராட்டிலோடு காரை ரோட்டில் இறக்கக் கூடாது.

ஆர்பிஎம் 820. ஐஏசி 24 ஸ்டெப். அட்வான்ஸ் 9 டிகிரி.

எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால்

கேபிள் இல்லை, ஐஏசியும் இல்லை, மோட்டாரே பட்டர்ஃபிளையை நகர்த்தும். கரி படிந்த பட்டர்ஃபிளைக்கு ஏற்ப ஈசியூ அதைக் கொஞ்சம் அதிகமாகத் திறக்கப் பழகியிருக்கும். கரியை நீக்கியதும் அதே திறப்பில் காற்று அதிகமாகப் போகும், ரேஸ் ஏறும். இங்கே எதுவும் உடையவில்லை, ஈசியூவுக்குப் புதுக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சில கார்களில் சாவியை ஆன் செய்து பெடலைத் தொடாமல் அரை நிமிடம் விட்டு, அணைத்து, திரும்ப ஸ்டார்ட் செய்து ஃபேன் சுற்றும் வரை ஐடிலில் விட்டால் போதும். சிலவற்றில் ஸ்கேனரில் அடாப்டேஷன் ரீசெட் கொடுத்தால்தான் நடக்கும். எந்தக் காருக்கு எது என்பது அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

சாவி ஆனில் இருக்கும்போது அந்தப் பட்டர்ஃபிளையில் விரல் வைக்கவே கூடாது, மோட்டார் சட்டென்று மூடும். அணைத்திருக்கும்போதும் பலம் கொடுத்துத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் போகும்.

கூலன்ட் வேலைக்குப் பிறகு ஏறினால்

தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மாற்றிய பிறகு ரேஸ் ஏறினால் ஏர் லாக் மேல்தான் முதல் சந்தேகம். கூலன்ட் சென்சார் காற்றுக் குமிழுக்குள் நின்றால் குறைந்த வெப்பத்தைக் காட்டும், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூ ரேஸைப் பிடித்து வைக்கும். 90-களின் ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் த்ராட்டில் பாடிக்கு அடியில் மெழுகு வால்வு ஒன்று இருக்கும், சுடு கூலன்ட் பட்டு விரிந்து காற்றுப் பாதையை மூடுவது அதன் வேலை. ஏர் லாக்கில் அதற்குச் சூடு போய்ச் சேராது, திறந்தே நிற்கும். அப்போது ரேஸ் ஏறி நிற்பதோடு ஊஞ்சலாடவும் செய்யும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நிலையில் ரேஸ் ஒரு எல்லையைத் தாண்டினால் ஈசியூ பெட்ரோலை நிறுத்தும், கீழே விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். 1,000-க்கும் 1,800-க்கும் இடையே விட்டுவிட்டு ஆடுவது இதனால்தான். பெரிய ஏர் லீக்கிலும் இதே ஆட்டம் வரும்.

காரின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, குமிழ் வர வர கூலன்ட் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் குமிழ் போய்விட்டது. சூடான இன்ஜினில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீச்சும், அதை ஒருபோதும் செய்யக் கூடாது. சென்சாரையே சோதிக்க வேண்டுமானால் கழற்றி ஓம் பார்க்கலாம்: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம். இரவு முழுக்க நின்ற காரில் சாவியை ஆன் செய்தால் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் சில டிகிரி வித்தியாசத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். அது கழற்றாமலே பார்க்கும் வழி.

முடித்த பிறகு

மேனிஃபோல்டு ஹோஸ்களில் கை வைத்திருப்பதால் பிரேக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடலைக் கெட்டியாகும் வரை பல முறை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்குவம் போகவில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது, நியூட்ரலில் உருண்டுகொண்டு சிக்னலுக்கு வரும்போது 1,100, 1,200 இருந்து, கார் நின்றதும் 800-க்கு இறங்கினால் அது கோளாறு இல்லை. பல ஈசியூக்கள் சக்கரம் சுற்றும்வரை ரேஸைச் சற்று ஏற்றியே வைத்திருக்கும். ஏசி போட்டதும் 100, 150 ஏறுவதும் அப்படித்தான். மறுநாள் காலைக் குளிர் ஸ்டார்ட்டில் 1,300-லிருந்து 1,500 வரை ஏறி, கூலன்ட் வெப்பம் ஏற ஏற படிப்படியாக இறங்கி, 80 டிகிரியைத் தொடும்போது 800 பக்கம் வந்து நின்றால் வேலை முடிந்தது.